தொறக்கவா, அடைக்கவா

பீடோங் பக்கம் யாரும் விளக்கைப் போடுவதில்லை, திறப்பார்கள். அணைப்பதும் கிடையாது, அடைப்பார்கள். மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களோடு பழகிப் பழகி நம்மவர்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது. ஃபேனைத் தொற, டீவிய அடை என்றால் அங்கே கைக்குழந்தைக்கும் புரியும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த கோயில் குருக்களிடம் யாரோ லைட்டை அடைக்கச் சொல்ல, அவர் பாவம் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதை அடைப்பது என்று நின்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி அந்த லயமே வருஷக்கணக்கில் சிரித்தது. தீபாவளிக்கு முந்திய அந்தப் பெருமழைக்குப் பிறகு அங்கே யாரும் இந்தக் கதையை எடுப்பதில்லை.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடு. தோட்டம் கைமாறி, ரப்பரெல்லாம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆன பிறகும் அந்த ஆறு குடும்பமும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. மீட்டர் ஆளுக்கு ஒன்று வந்துவிட்டது, சமையலறைக்கு ஓடு வந்துவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஆறு வீட்டுக்கும் பசிக்கும். கடைசி வீடு முருகையாவினுடையது. செம்பனைக் குலைகளை ஏற்றி இறக்க அவர் ஒரு டிராக்டர் வைத்திருந்தார். வாசலில் ஒரு காடி, அதாவது கார், நிறுத்தக்கூட இடம் விடாமல் அது நிற்கும்.

அவர் மனைவி குணவதி வாலிப வயதெல்லாம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். அந்தக் கொட்டகை இடிந்து எத்தனையோ காலமாகிறது, புகை மட்டும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. இப்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் கட்டிலருகே ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் அவர் மூக்குக்குப் போகும். கரண்டு போனால் மெஷின் நின்றுவிடும். அதற்காக ஒரு ஆக்சிஜன் தோங் மூலையில் நிற்கும். சமையல் கேஸ் சிலிண்டரைத் தோங் என்பது போல இதையும் அவர்கள் தோங் என்றே சொன்னார்கள்.

சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகள் ரூபினிக்கு ஒரு தோங்கை நம்பி இருக்கப் பிடிக்கவில்லை. நச்சரித்து நச்சரித்து அப்பாவை ஒரு ஜெனரேட்டர் வாங்க வைத்தாள். பண்டார் பாருவில் மூடிப்போன கோழிப் பண்ணையிலிருந்து வந்த சாமான் அது. அதற்குத் தனியாக எஞ்சின் கிடையாது. டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில் மாட்டிவிட்டால் டிராக்டர் ஓடும் வேகத்தில் கரண்டு வரும். விற்றவன் ஒரே ஒரு பேச்சுதான் சொல்லிவிட்டான். பக்கவாட்டில் இங்கிலீஷில் ஒரு தகடு அடித்திருக்கிறது, அதில் சொன்னபடி செய், வேறெதுவும் செய்யாதே.

அதை வீட்டோடு இணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் வெளிக்கரண்டு, மறுபக்கம் தள்ளினால் டிராக்டர் கரண்டு, இரண்டும் என்றைக்கும் சேராது. சுவிட்ச் வாங்கியாகிவிட்டது. மாட்டித்தர வேண்டிய வயர்மேன் பிச்சைதான் தீபாவளி வேலை நெருக்குது அண்ணே, அடுத்த வாரம் அண்ணே என்று இழுத்தடித்தார். சுவிட்ச் பெட்டியைப் பிரிக்காமல் ஐஸ்பெட்டி மேல் வைத்து, அதன்மேல் முறுக்கு டின்னையும் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. லயத்துக்கு வரும் பாதையில், முச்சந்திக்கு இந்தப் பக்கம், பெரிய மரம் ஒன்று மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. கம்பி கிளைகளோடு பின்னிக் கிடந்ததால் அதன் கிட்டே போக யாருக்கும் தைரியம் வரவில்லை. மோட்டார் சைக்கிள் மட்டும் செம்பனைக்குள் இறங்கி சேற்றில் சறுக்கிச் சறுக்கி வெளியே போகலாம். காடி போகாது, ஆம்புலன்ஸும் வராது. குணவதியை மோட்டாரில் உட்கார வைத்து அந்தச் சேற்றில் கொண்டுபோவது நடக்கிற காரியமில்லை.

மறுநாள் மத்தியானம் தோங்கின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்க ஆரம்பித்தது. ரூபினி வேலைக்குப் போகவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முள்ளைப் போய்ப் பார்ப்பாள், வாசலுக்கு வருவாள், போனைத் தூக்கிப் பிடிப்பாள். போன் கோபுரத்துக்கும் கரண்டு போய்விட்டதோ என்னவோ, லைன் கிடைக்கவில்லை. முருகையா ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டு பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நடந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த குணவதிதான் அந்த வீட்டில் அமைதியாக இருந்தவர். அமைதி என்ன அமைதி, பேச மூச்சில்லை.

பக்கத்து வீட்டு லோகேஸ்வரி கருவாட்டுச் சம்பலும் கஞ்சியும் கொண்டுவந்தார். தொழிற்சாலை ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் கைம்பெண். தஞ்சோங் டாவாயிலிருந்து வாங்கிய இறால் அவர் ஃப்ரீசரில் உருகிக்கொண்டிருந்தது. அந்தக் கவலையில் வாய் ஓயவில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. விழுந்த கம்பியை இழுத்துக் கட்ட வந்திருக்கும் குத்தகை ஆட்களில் அவர் மகன் சிவநேசனும் ஒருவன். காலையில்தான் செம்பனைக்குள் நடந்து வீட்டுக்கு வந்து ஒரு வாய் தின்றுவிட்டுப் போயிருந்தான். சாயங்காலத்துக்குள் கரண்டு வந்துவிடும் என்று அவன் சொன்னதை லோகேஸ்வரி ஆறு வீட்டிலும் போய்ச் சொன்னார்.

போகும்போது அவன் முருகையாவிடம் நின்று ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

"சித்தப்பா, பிச்சையண்ணன் வந்து சுவிட்ச் மாட்டுற வரைக்கும் அந்த ஜெனரேட்டர வீட்டு லைன்ல சொருகிறாதீங்க லா. நாங்க கம்பியில இருக்கோம்."

சரிப்பா என்றார் முருகையா. மனசாரத்தான் சொன்னார். முள் அவ்வளவு வேகமாக இறங்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கஞ்சி குடிக்கும்போது குணவதிக்கு உதடு நீலம் பாரித்ததை மூன்று பேருமே பார்த்தார்கள். முருகையா எழுந்து டிராக்டர் சாவியை எடுத்தார்.

"கைலியோட அதுகிட்ட போவாதீங்க," என்றார் குணவதி. அதைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினார். சுழலும் தண்டு துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்துச் சுற்றிவிடும். முருகையா உள்ளே போய்க் காற்சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

டிராக்டரைப் பின்பக்கம் லோங்காங் ஓரமாக நிறுத்தினார். சாக்கடைப் பக்கம் காற்று வெளியே அடித்தது, புகை வீட்டுக்குள் வராது. தண்டின் மேல் உறையை இழுத்து மாட்டினார். எர்த்துக்காக மண்ணில் செம்புக் கம்பியை அடித்து இறக்கினார். இதிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. வயரில்தான் வினை இருந்தது. அதன் இரண்டு முனையிலும் பிளக் தலை. அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தது. ஒரு தலையை ஜெனரேட்டரில் சொருகி மறு தலையைச் சுவரில் இருக்கும் ஏர்கோன் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்கக் கரண்டு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மெயின் சுவிட்சை வெளியோடு தொடர்பில்லாமல் வைத்துவிட்டால் போதும், சிவநேசன் பக்கம் ஒன்றும் போகாது. அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஆனால் மனுஷன் பதற்றத்தில் இருந்தார். விற்றவன் சொன்னது நினைவுக்கு வந்தது. மகளைக் கூப்பிட்டு அந்தத் தகட்டைப் படிக்கச் சொன்னார்.

"மெயினப் பத்தி என்னா போட்டிருக்கு பாரு. தொறக்கணுமா, அடைக்கணுமா?"

ரூபினி குனிந்து சேற்றைத் துடைத்துவிட்டுப் படித்தாள். தொழிற்சாலையில் நாள் முழுக்க இங்கிலீஷ் படிப்பவள். தகட்டில் ஒளிவுமறைவே இல்லை. ஜெனரேட்டரை ஓட்டுமுன் மெயினை 'ஓப்பன்' செய்யவும் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"தொறக்கணும்பா."

"நல்லாப் பாரு."

"ஓப்பன்னுதான்பா போட்டிருக்கு. தொறக்கணும்."

மின்சாரம் படித்தவர்கள் ஓப்பன் என்றால் வேறு அர்த்தம். கரண்டு போகும் பாதையைத் துண்டிப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். பீடோங்கில் திறப்பது என்றால் போடுவது. தகட்டை அடித்தவனுக்குப் பீடோங் தெரியாது. ரூபினிக்குத் தகட்டை அடித்தவனைத் தெரியாது. முருகையா தன் கணக்கை விட்டுவிட்டு, தகட்டில் சொன்னபடியே தொற என்றார். அவள் உள்ளே போனாள். கூடத்தில் கதவுக்கு மேலே இருந்த மெயின் சுவிட்சை, அப்பா முன்னாலேயே கீழே இறக்கி வைத்திருந்ததை, நாற்காலி போட்டு ஏறி மேலே தள்ளினாள்.

டிராக்டர் உறுமியது. தண்டு சுழன்றது. கட்டிலருகே மெஷின் ஒரு தடவை கீச்சிட்டு முனக ஆரம்பித்தது. குணவதி கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குவதை ரூபினி நின்று பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அவளால் பிற்பாடு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுகைதான் வந்தது.

அப்போது லயத்தில் கைதட்டல் கேட்டது. மழை இருட்டில் ஆறு வீட்டு விளக்கும் எரிந்தது. எங்கோ ஒரு ரேடியோ பாதிப் பாட்டில் தொடங்கியது. லோகேஸ்வரி ஈரக்கையோடு ஓடி வந்து வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மவன் போட்டுட்டான்டி குணவதி. ஃப்ரீசர் ஓடுது. சாயங்காலம்னு சொன்னான், மத்தியானமே போட்டுட்டான் பாரு."

ரூபினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் தொழுகிற சுராவ் இருட்டாகவே இருந்தது. கடை இருட்டாகவே இருந்தது. லயத்தின் ஆறு வீடு மட்டும் எரிந்தது. பின்பக்கம் டிராக்டர் பாரம் இழுக்கிற மாதிரி முக்கிக்கொண்டிருந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"பெரியம்மா, அது அண்ணன் போட்டது இல்ல."

"பின்னே?"

"எங்க கரண்டு. வெளிய போவுது. அண்ணன் நிக்கிற கம்பிக்குப் போவுது."

அவள் நாற்காலியில் ஏறிக் கையைத் தூக்கினாள். கை அந்தரத்தில் நின்றது. மேலே இருந்தது சுவிட்ச். மேலே இருந்தால் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா? இப்போதுதான் அவளே திறக்கச் சொல்லித் திறந்தாள். எது சரி என்று அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது. முருகையா பின்வாசலில் நின்று என்ன, என்ன என்று கத்தினார். டிராக்டர் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.

குணவதி மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"டிராக்டர நிறுத்து," என்றார். "மொதல்ல அத நிறுத்து."

ரூபினி சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுப் பின்பக்கம் பாய்ந்தாள். டிராக்டர் நின்றது. ஆறு வீடும் மறுபடி இருட்டானது, ரேடியோ நின்றது. யாரோ ஒருவர் நடு வீட்டிலிருந்து ஏன் அடைச்சாங்க என்று சலித்துக்கொண்டார். அதற்குள் ரூபினி மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு செம்பனைக்குள் இறங்கிவிட்டாள்.

லோகேஸ்வரிக்கு நடந்தது முழுசாகப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கத்தவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். சேலை முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகுவதும் உருவுவதுமாக இருந்தார். மழை ஓய்ந்து, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

முருகையா பின்வாசல் படியில் உட்கார்ந்து பாராங் கத்தியால் வயரின் ஒரு தலையை வெட்டினார். இரண்டு வெட்டுத் தவறியது. வெட்டின இடத்தில் ஒரு சாக்கெட் பலகையை முடுக்கினார். அதை நேராகக் கட்டிலருகே இழுத்து வந்து மெஷினைச் சொருகினார். சுவருக்கும் அந்த வயருக்கும் இனி சம்பந்தமே இல்லை. ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்கலாம். வீடு பூராவும் எரிய வேண்டும் என்ற ஆசை அந்த மனுஷனை விடவில்லை.

"நேரா மெஷினுக்குத்தான் வருது குணவதி. வெளிய போவாது. ஓட்டவா?"

"வேணாம்."

"போவாதுங்கிறேன்ல."

"அப்பவும் அப்படித்தான் நெனச்சீங்க," என்றார் குணவதி. தோங் குழாயை மூக்கில் வைத்திருந்தார். முள் சிவப்பைத் தாண்டிப் படுத்துக் கிடந்தது. "அவன் எறங்கிட்டான்னு தெரியட்டும். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம்."

முருகையா கெஞ்சினார், திட்டினார், கடைசியில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். குணவதி தலையை ஆட்டிவிட்டுப் படுத்திருந்தார். புகைக் கொட்டகையில் வேலை பார்த்த காலத்திலும் அவர் இப்படித்தான். வேண்டாம் என்றால் கங்காணி வந்தாலும் வேண்டாம்தான். மூச்சு விசில் மாதிரி வந்தது. உதட்டு நீலம் நகத்துக்கும் வந்துவிட்டது.

லோகேஸ்வரி வாசற்படியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். செம்பனைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளே வந்தார். நாற்காலியைக் கதவுக்குக் கீழே இழுத்துப் போட்டு, கனத்த உடம்போடு அதன்மேல் ஏறி நின்றார். கீழே இறங்கிக் கிடந்த மெயின் சுவிட்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க போய் ஓட்டுங்க."

"அண்ணி..."

"நான் இத விடமாட்டேன். யார் வந்தாலும் மேல போவாது. போய் ஓட்டுங்க." பிறகு கட்டிலைப் பார்த்தார். "நீ மூச்ச விடுடி. எம்மவன் வந்து, சித்தி எங்கன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

குணவதி மறுக்க வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. டிராக்டர் கிளம்பியது. மெஷின் முனகியது. லயத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை என்பதை லோகேஸ்வரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கை மரத்துப்போயிற்று. மாற்றுக் கை கொடுத்தார். கட்டிலில் கிடந்தவரின் நகத்தில் நீலம் மெல்ல மெல்ல வெளுத்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்கள்.

மோட்டார் சத்தம் கேட்டபோது லோகேஸ்வரி இறங்கவில்லை. வண்டியை ஓட்டி வந்தது சிவநேசன். பின்னால் ரூபினி சேறும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தாள். கம்பத்தில் ஏறக் கட்டும் வார் அவன் இடுப்பில் அப்படியே இருந்தது. லயத்துப் பக்கக் கம்பியைத் தொடப் போகும்போது, முச்சந்தியில் எல்லாம் அடைத்தாயிற்றே என்று நினைத்திருக்கிறான். இருந்தாலும் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கோலை நீட்டியிருக்கிறான். அது அலறியிருக்கிறது. அவன் கைக்கும் கம்பிக்கும் நடுவில் அந்தக் கோல் ஒன்றுதான் இருந்தது. இதை ரூபினிதான் திக்கித் திக்கிச் சொன்னாள்.

உள்ளே வந்தான். மெஷினைப் பார்த்தான், நேராக வரும் வயரைப் பார்த்தான், நாற்காலி மேல் நிற்கும் அம்மாவைப் பார்த்தான்.

"நான்தான் தொறக்கச் சொன்னேன்," என்றார் முருகையா.

"இல்ல, நான்தான் தொறந்தேன்," என்றாள் ரூபினி. "ஓப்பன்னு போட்டிருந்திச்சு, அண்ணே."

சிவநேசனுக்குக் கோபம் வந்தது. வாய்வரை வந்த வார்த்தையை அவன் குணவதியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. குனிந்து, தரையில் கிடந்த வெட்டுப்பட்ட பிளக் தலையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு நாற்காலியருகே போனான்.

"மா, எறங்கு."

"நீ எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேம்மா. இங்கதான நிக்கிறேன்."

லோகேஸ்வரி கையை எடுக்காமல் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார் குணவதி. அவன் நின்றுகொண்டே குடித்தான். குடித்து முடித்து மறுபடி கம்பத்துக்குப் போனான். போகாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அது அவன் வேலை.

அதற்குப் பிறகு லயத்தில் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் நடந்தது. ஆறு வீட்டிலும் மெயினைக் கீழே இறக்கினார்கள். லோகேஸ்வரியின் இறால் ஃப்ரீசரில் உருகித் தண்ணீராக ஓடியது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

இருட்டும் நேரத்தில் முச்சந்தியில் தெருவிளக்கு எரிந்தது. பிறகு சுராவ், பிறகு கடை. கரண்டு வந்துவிட்டது. லயத்தில் ஒரு கைதட்டல் இல்லை, ஒரு விளக்கும் இல்லை. எல்லோரும் வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபினி கூடத்தில் அந்த நாற்காலியருகே நின்றாள். பின்பக்கம் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து செம்பனைக்குள்ளிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. லோகேஸ்வரி பாதிவழி போய் அதன் பின்னாலிருந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். கையையும் பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பி லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வந்துட்டான். தொறங்க."